தீர்ப்புக்கு மறுநாள்: ஹேக் நகர நாட்குறிப்பு

ஜூலை 7, 2025, திங்கள்

நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் சர்வதேச நீதிமன்றம் இயங்கும் அமைதி மாளிகை பல நாடுகளின் அன்பளிப்புகளால் நிறைந்தது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 15 லட்சம் டாலர் கொடுத்தார். வாசலில் இருக்கும் இரும்புக் கதவுகளை ஜெர்மனி அனுப்பியது. கோபுரக் கடிகாரம் சுவிட்சர்லாந்து தந்தது. உள்ளே இருக்கும் மூன்று டன்னுக்கு மேல் எடையுள்ள கல் ஜாடி ரஷ்யாவின் பரிசு. 1913 ஆகஸ்ட் 28 அன்று கட்டடத்தைத் திறந்தார்கள். ஓராண்டு நிறைவதற்குள் கதவு கொடுத்த நாடும் ஜாடி கொடுத்த நாடும் ஒன்றோடொன்று போரில் இறங்கிவிட்டன.

இதைச் சொல்லி, "சர்வதேசச் சட்டம் என்பதெல்லாம் வெறும் பேச்சு" என்று முடித்துவிடுபவர்கள் எங்கள் வழக்கறிஞர் சங்கத்திலும் உண்டு. நாகர்கோவிலில் தொழில் நடத்தும் நான் அந்த வாதத்தை ஏற்கவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் நெடுநாள் இருந்திருக்கிறேன். அதனால்தான் சர்வதேசச் சட்டக் கழகத்தின் கோடைக்கால வகுப்புக்கு வந்தேன். 1923 முதல் இந்த மாளிகை வளாகத்திலேயே நடக்கும் வகுப்பு இது. விரிவுரை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் மற்ற மொழியில் கேட்கலாம்.

எங்கள் ஊரில் ஒருவர் தீர்ப்பு வாங்கிவிட்டால் நிறைவேற்று மனு போடுவோம். எதிர்த்தரப்பு பணம் கட்டவில்லை என்றால் அமீனா ஜப்திக்குக் கிளம்புவார். இந்த மாளிகையில் 15 நீதிபதிகள் இருக்கிறார்கள், ஒன்பதாண்டுப் பதவிக்காலம் இருக்கிறது, அமீனா இல்லை. அப்படியென்றால் தீர்ப்புக்கு மறுநாள் என்ன நடக்கிறது? இந்த ஒரு கேள்வியை எல்லா வழக்கிலும் கேட்டுப் பார்ப்பது என்ற தீர்மானத்தோடு உட்கார்ந்தேன்.

முதல் விரிவுரையே கொர்ஃபு கால்வாய் வழக்கு. சர்வதேச நீதிமன்றத்தின் முதல் வழக்கு அது. 1946 அக்டோபரில் அல்பேனியக் கரையோரம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டு கண்ணிவெடியில் சிக்கி, 44 மாலுமிகள் இறந்தார்கள். 1949இல் அல்பேனியா 8,43,947 பவுண்டு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டும் நடக்கவில்லை. அல்பேனியாவுக்குச் சேர வேண்டிய தங்கம் லண்டனில் முடங்கிக் கிடந்தது. பிரிட்டன் அதை விடவில்லை. 1992இல்தான் சமரசம் ஏற்பட்டது. 1996இல் அல்பேனியா 20 லட்சம் டாலர் கொடுத்துத் தன் தங்கத்தை மீட்டுக்கொண்டது. அரை நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்தத் தீர்ப்பை எந்தத் தரப்பாலும் இல்லாததாக்க முடியவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன்.

பக்கத்து இருக்கையில் டாக்காவில் சட்டம் கற்பிக்கும் பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். இடைவேளையில், "இன்று எங்களுக்கு முக்கியமான நாள் தெரியுமா?" என்று கேட்டார். 2014 ஜூலை 7 அன்றுதான் வங்காள விரிகுடா எல்லை வழக்கில் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவும் வங்கதேசமும் உரிமை கோரிய 25,602 சதுர கிலோமீட்டர் கடலில் 19,467 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்குப் போனது. மறுநாள் என்ன நடந்தது என்று கேட்டேன். "உங்கள் அரசு ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்" என்றார். கப்பல் வரவில்லை, மிரட்டல் வரவில்லை. இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய ஒரு சிறு மணல் தீவு அதற்கு முன்பே கடலில் மூழ்கிவிட்டிருந்தது. பெரிய நாடு ஒன்று சிறிய அண்டை நாட்டிடம் தோற்று, தோல்வியை ஏற்ற கதை இது. நம் நாளிதழ்களில் இதற்கு எத்தனை பத்தி ஒதுக்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் மீறப்பட்டால்தான் செய்தி. மதிக்கப்பட்டால் யாருக்கும் தெரிவதில்லை.

ஜூலை 9, புதன்

விதியை யார் செய்கிறார்கள்? உலகத்துக்கு நாடாளுமன்றம் கிடையாது. சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்வது: நாடுகள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகள், நாடுகள் கடமையென நினைத்துத் தொடர்ந்து பின்பற்றும் வழக்காறு, பொதுவான சட்டக் கோட்பாடுகள். இவற்றுக்குத் துணையாகத் தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்துகளும்.

வழக்காறு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இன்று சொன்ன உதாரணம் மனதில் நிற்கிறது. 1945 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் நாட்டுக் கரையை ஒட்டிய கடலடித் திட்டின் வளம் அமெரிக்காவுக்கே என்று அறிவித்தார். எண்ணெய்தான் காரணம். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. மற்ற நாடுகளும் அதையே செய்யத் தொடங்கின. 1947இல் சிலியும் பெருவும் ஒரு படி மேலே போய் 200 கடல் மைல் எங்களுடையது என்றன. வல்லரசுகள் முகம் சுளித்தன. ஆனால் 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் எல்லோருக்குமான விதியாகிவிட்டது. அந்த உடன்படிக்கைக்கான மாநாட்டை 1980இல் இறக்கும் வரை தலைமையேற்று நடத்தியவர் இலங்கையின் ஷெர்லி அமரசிங்க. அவருக்குப் பிறகு சிங்கப்பூரின் டாமி கோ. வல்லரசு தொடங்கிவைத்ததைச் சிறிய நாடுகள் பிடித்துக்கொண்டு தங்களுக்கும் பயன்படும்படி திருப்பிய வரலாறு இது.

மாலையில் ராமேஸ்வரம் நண்பர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "ஹேக்கில்தானே இருக்கிறீர்கள், நம் மீனவர் பிரச்சினையை அங்கேயே ஒரு வழக்காகப் போட முடியாதா?" பலர் கேட்கும் கேள்வி என்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். மீனவர் சங்கமோ மாநில அரசோ முடியாது. நாடும் தன் சம்மதத்தோடுதான் கூண்டுக்கு வரும். நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும் இந்தியாவின் அறிவிப்பில் காமன்வெல்த் நாடுகளோடான தகராறுகளுக்கு விலக்கு இருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. இதே விலக்கைக் காட்டித்தான், 1999இல் சுடப்பட்ட விமானத்துக்காகப் பாகிஸ்தான் போட்ட வழக்கை இந்தியா 2000இல் தள்ளுபடி செய்யவைத்தது. பாகிஸ்தான் உளவாளி என்று சொல்லித் தூக்குத் தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷன் ஜாதவுக்காக 2017இல் இந்தியாவே இங்கு வந்தபோது வேறு வாசல் தேவைப்பட்டது: தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் நெறிமுறை. 2019 ஜூலை 17 அன்று 15க்கு 1 என்ற கணக்கில் இந்தியா வென்றது. தூதரக அதிகாரிகள் அவரைச் சந்தித்தார்கள், மறு ஆய்வுக்காகப் பாகிஸ்தான் சட்டம் இயற்றியது. அவர் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். தூக்குத் தண்டனை நிறைவேற்றப்படவில்லை.

பாக் நீரிணையைப் பொறுத்தவரை எனக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1974, 1976 இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்களைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். நம் இழுவைமடிப் படகுகள் அறுத்துப் போட்ட வலைகளைப் பற்றி யாழ்ப்பாணத்து மீனவர் பேசுவதையும் கேட்க வேண்டும். வழக்கு மன்றத்துக்கு வந்தால் இரண்டு தரப்பு ஆவணங்களும் மேசைக்கு வரும்.

ஜூலை 11, வெள்ளி

இன்று பிற்பகல் முழுவதும் நூலகத்தில் இருந்தேன். தேடிப் படித்தது என்ரிகா லெக்ஸி வழக்கின் நடுவர் தீர்ப்பு.

2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலி எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகின் மேல் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். மற்றவர் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். எங்கள் கடலோரக் கிராமங்களிலிருந்து கொல்லத்துக்கும் கொச்சிக்கும் போய்ப் படகேறுபவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அந்த வாரம் நீதிமன்ற வராந்தாவில் வேறு பேச்சே இல்லை. சுட்டவர்களை இங்கேயே விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

தீர்ப்பைப் படிக்கும்போதுதான் சிக்கல் முழுதாகத் தெரிகிறது. நம் இறையாண்மைக் கடல் 12 கடல் மைலோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால், 200 கடல் மைல் வரை, மீனும் எண்ணெயும் நம்முடையவை. ஆனால் அங்கே நடக்கும் எல்லாவற்றின் மீதும் நம் காவல் நிலையத்தின் அதிகாரம் நீள்வதில்லை. சுட்டவர்கள் அரசுப் பணியில் இருந்த வீரர்கள். ஒரு நாட்டின் அதிகாரி பணி நிமித்தம் செய்ததை இன்னொரு நாட்டின் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கலாமா என்பது அடுத்த சிக்கல். 2015இல் இத்தாலி இதை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுவந்தது. 2019 கோடையில் இதே மாளிகையில் வாதங்கள் நடந்தன. 2020இல் தீர்ப்பு: வீரர்களுக்கு இந்திய வழக்கிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் இந்தியப் படகின் கடற்பயணச் சுதந்திரத்தை இத்தாலி மீறியது, உயிரிழப்புக்கும் படகுச் சேதத்துக்கும் மன வேதனைக்கும் இழப்பீடு தர வேண்டும். வீரர்களுக்கான விலக்கு ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம் என்று முடிவானது.

மறுநாள்? இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியது. பணம் வந்து சேர்ந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே, 2021 ஜூன் 15 அன்று, நம் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த குற்ற வழக்கை முடித்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2022 ஜனவரியில் ரோமில் இருந்த விசாரணையும் மூடப்பட்டது. சுட்டது குற்றமா என்று எந்த நாட்டு நீதிமன்றமும் சாட்சிகளை விசாரித்துச் சொல்லவில்லை.

இந்தத் தீர்ப்பு நிறைவேறிய தீர்ப்பு. பட்டியலில் சேர்த்தால் சட்டம் வென்ற வழக்குகளின் பக்கத்தில்தான் சேரும். ஆனால் இரண்டு உயிருக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பணம் வந்ததை வெற்றி என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நூலகம் மூடும் வரை தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாற்றுக் கருத்து எழுதிய நடுவர்களின் பக்கமே என் மனம் நிற்கிறது.

ஜூலை 13, ஞாயிறு, டெல்ஃப்ட்

விடுமுறை. ரயிலில் கால் மணி நேரம்தான். டெல்ஃப்ட் சந்தைச் சதுக்கத்தில், புதிய தேவாலயத்துக்கு எதிரே, நீண்ட அங்கியோடு நிற்கிறது ஹியூகோ குரோஷியஸ் சிலை. 1583இல் இந்த ஊரில் பிறந்தவர். 11 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். அரசியல் பகையில் ஆயுள் சிறை பெற்று, 1621இல் மனைவியின் யோசனைப்படி புத்தகப் பெட்டிக்குள் படுத்துத் தப்பியவர். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. போரின் சட்டங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்து இந்த ஆண்டோடு 400 ஆண்டுகள்.

ஆனால் அவர் கடல் சட்டத்துக்குள் நுழைந்த கதையை நம் பக்கத்து ஆட்கள் கவனித்துப் படிக்க வேண்டும். 1603 பிப்ரவரியில் சிங்கப்பூர் அருகே டச்சுக்காரர்கள் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துகீசியக் கப்பலைப் பிடித்தார்கள். சரக்கு ஆம்ஸ்டர்டாமில் 30 லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போனது. அது கொள்ளையா, நியாயமான கைப்பற்றலா என்ற கேள்வி எழுந்தது. டச்சுக் கிழக்கிந்திய கம்பெனி இந்த இளம் வழக்கறிஞரிடம் வாதம் எழுதச் சொன்னது. அதிலிருந்து ஒரு அத்தியாயம் 1609இல் வெளிவந்தது: கடல் யாருக்கும் சொந்தமல்ல, எல்லோரும் போகலாம், எல்லோரும் வணிகம் செய்யலாம். உலகக் கடல் விதிகளின் மூலவாக்கியங்களில் ஒன்று, கம்பெனி என்ற ஒரு கட்சிக்காரருக்காக எழுதப்பட்ட வாதம்!

பிறகு நடந்ததுதான் கசப்பு. அதே கம்பெனி மசாலாத் தீவுகளில் மற்றவர்களை நுழையவிடாமல் தடுத்தது. 1613இல் லண்டன் பேச்சுவார்த்தைக்கு டச்சுத் தரப்பில் குரோஷியஸ் போனபோது, ஆங்கிலேயர்கள் அவர் எழுதியதையே எடுத்து அவருக்கு எதிராக நீட்டினார்கள். அதே ஆண்டில் நம் பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து அடிமைகளாக மனிதர்களையும் அங்கிருந்து ஏற்றிப் போனார்கள். 1658இல் நாகப்பட்டினம் அவர்கள் கைக்கு வந்தது. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். கச்சத்தீவுக்குப் பக்கத்திலுள்ள நெடுந்தீவு ஆங்கில வரைபடங்களில் இன்றும் டெல்ஃப்ட்தான்.

இதை இன்னொரு கோணத்தில் பார்க்கச் சொன்னவர் சென்னையில் பாடம் நடத்தியவர். 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டத் துறையில் இருந்த போலந்துப் பின்னணியுள்ள பேராசிரியர் அலெக்ஸாண்ட்ரோவிச், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தியப் பெருங்கடலில் எல்லோருக்கும் திறந்த கடல் என்ற நடைமுறை இருந்தது என்றும், குரோஷியஸின் சிந்தனைக்கு அது உரமிட்டது என்றும் வாதிட்டார். காயல்பட்டினத்திலும் நாகையிலும் பாய்மரம் ஏற்றியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது. தந்தை என்ற பட்டத்தை ஒருவருக்கு மட்டும் கொடுப்பதை நான் நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வகுப்பு பற்றி எழுத அதிகமில்லை. சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாம் நாட்டவரின் ரொட்டிக் கடைகள் ஹேக்கில் நிறைய உண்டு. மெல்லிய ரொட்டி, உள்ளே கடலைப்பருப்புப் பொடி. கூடவே உருளைக்கிழங்கு மசாலா, கோழிக் குழம்பு, அவித்த முட்டை, நீளமான காராமணிக்காய்ப் பொரியல். கையால் சாப்பிட்டேன், பக்கத்து மேசையிலும் கையால்தான் சாப்பிட்டார்கள். கடைக்கார அம்மா போஜ்புரி கலந்த மொழியில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தத் தட்டு இங்கே வந்ததற்கும் ஒரு உடன்படிக்கைதான் காரணம். அடிமை முறை ஒழிந்த பிறகு சுரினாம் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1870இல் பிரிட்டனும் நெதர்லாந்தும் பேசி முடித்தன: பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கூலியாட்களை எடுக்க அனுமதி. அதே பேரத்தில் ஆப்பிரிக்கப் பொற்கரையின் டச்சுக் கோட்டைகளும் சுமத்ரா மீதான உரிமைகளும் கைமாறின. 1873இல் 'லல்லா ரூக்' கப்பலில் முதல் தொகுதி சுரினாம் போய்ச் சேர்ந்தது. 1916 வரை 34,000 பேருக்கு மேல் போனார்கள். சட்டப்படி எல்லாம் சரியாக எழுதிக் கையெழுத்தானது. ஏறியவர்களில் ஒருவரிடமும் யாரும் சம்மதம் கேட்டு அந்த வாசகங்களை எழுதவில்லை. 'நாடுகளின் சம்மதம்' என்று வகுப்பில் கேட்கும்போதெல்லாம் இனி இந்தக் கப்பல் எனக்கு நினைவுக்கு வரும்.

ஜூலை 17, வியாழன்

1998இல் இதே தேதியில் ரோம் நகரில் 120 நாடுகள் ஆதரித்து, 7 எதிர்த்து, இந்தியா உட்பட 21 விலகி நிற்க, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் சட்டம் நிறைவேறியது. அந்த நீதிமன்றத்தைப் பார்க்க மணல்மேட்டுப் பக்கம் போனோம். அமைதி மாளிகையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே நாடுகள் வழக்காடும். இங்கே மனிதர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள்.

விசாரணை இல்லாத நாள். பார்வையாளர் மாடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே கண்ணாடிச் சுவர். சாட்சியின் முகம் தெரியக் கூடாது என்றால் திரை இறங்கும், குரலையும் மாற்றுவார்கள். அந்தத் திரையைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். நம் ஊரில் சாட்சி சொல்ல வந்தவர்கள் வளாகத்திலேயே மிரட்டப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இங்கேயும் போலீஸ் இல்லை. பிடியாணையை உறுப்பு நாடுகள் நிறைவேற்ற வேண்டும். சூடான் அதிபர் பஷீர் மீது 2009இலேயே பிடியாணை. 2015இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார், அங்குள்ள உயர் நீதிமன்றம் தடுத்தும் விமானம் ஏறிப் போய்விட்டார். இதோ இந்த மார்ச் மாதம் பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்டே மணிலா விமான நிலையத்தில் கைதாகி மறுநாளே ஹேக் கொண்டுவரப்பட்டார். இரண்டுக்கும் நடுவில் என்ன வேறுபாடு? மணிலாவில் ஆட்சிக் கூட்டணி உடைந்திருந்தது. சட்டம் காத்திருந்தது, அரசியல் கதவு திறந்த நாளில் நுழைந்தது. புதின் மீதும் நெதன்யாகு மீதும் பிடியாணைகள் நிலுவையில் இருக்கின்றன. போன மாதம் இந்த நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் மீது அமெரிக்கா தடை விதித்தது. பல் இல்லாத மன்றம் என்றால் இவ்வளவு கோபம் எதற்கு?

திரும்பும் வழியில் வால்ஸ்டார்ப் மணல்வெளிக்கு நடந்தோம். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் எதிர்ப்புப் போராளிகள் 250க்கும் மேற்பட்டோரை நிறுத்திச் சுட்ட இடம். பலரை ஸ்கெவெனிங்கன் சிறையில் அடைத்துவைத்திருந்து இங்கே கொண்டுவந்தார்கள். குற்றவியல் நீதிமன்றத்தின் கைதிகள் இன்று அதே சிறை வளாகத்தில்தான் இருக்கிறார்கள்.

ஜூலை 21, திங்கள்

ரசாயன ஆயுதத் தடை அமைப்பின் அரைவட்டக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்தேன். விதி வேலை செய்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இதுதான். 193 நாடுகள் உறுப்பினர்கள். நாடு தன் கையிருப்பை அறிவிக்க வேண்டும். ஆய்வாளர்கள் வந்து எண்ணி, முத்திரை வைத்து, அழிப்பதைக் கூடவே நின்று பார்ப்பார்கள். இந்தியா தன் கையிருப்பை 2009இல் அழித்து முடித்தது. 2023 ஜூலையில் அமெரிக்கா கடைசிக் குண்டை அழித்தபோது, உலகில் அறிவிக்கப்பட்ட 72,000 டன்னுக்கும் மேற்பட்ட நஞ்சு தீர்ந்தது. அறிவிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. சிரியாவில் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததை மறக்க முடியாது. ஆனாலும் நம்பிக்கையை வாக்குறுதியின் மேல் வைக்காமல் சரிபார்ப்பின் மேல் வைத்த உடன்படிக்கை இது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஜூலை 23, புதன்

இன்று மாளிகை வாசலில் கூட்டம். பதாகைகளோடு இளைஞர்கள், பசிபிக் தீவுக்காரர்கள், கேமராக்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் காலநிலை பற்றிய ஆலோசனைக் கருத்தை நீதிமன்றம் வாசிக்கத் தொடங்கியது. எனக்கு உள்ளே இடமில்லை. டாக்காப் பேராசிரியரும் நானும் புல்தரையில் அமர்ந்து கைபேசியில் நேரலையைக் கேட்டோம்.

இது எங்கே தொடங்கியது என்பதைச் சொல்ல வேண்டும். 2019இல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், காலநிலை மாற்றத்தை உலகின் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்று யோசித்தார்கள். வகுப்பறை யோசனைதான். தங்கள் அரசை இணங்கவைத்தார்கள். வனுவாட்டு மற்ற நாடுகளைத் திரட்டியது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமனதாகக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. சென்ற டிசம்பரில் நடந்த வாதத்தில் 96 நாடுகள் பேசின. காலநிலை உடன்படிக்கைகளில் இருப்பதற்கு மேல் புதிய கடமை எதையும் சுமத்த வேண்டாம் என்று இந்தியாவும் வாதிட்டது. நூற்றாண்டுகளாகக் கரியை எரித்துப் பணக்காரர்களானவர்களும் நாமும் ஒரே தராசில் நிற்க முடியாது என்ற நம் நியாயம் உண்மையானது. அந்த நியாயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மூழ்கிக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொல்லிவிட்டு நகர முடியாது.

நீதிமன்றத் தலைவர் இவாசாவா இரண்டு மணி நேரம் வாசித்தார். எல்லா நீதிபதிகளும் ஒரே கருத்து. காலநிலையைக் காப்பது உடன்படிக்கைகளால் மட்டுமல்ல, வழக்காற்றுச் சட்டத்தாலும் நாடுகளின் கடமை. புதைபடிவ எரிபொருளுக்கு உரிமம் கொடுப்பதும் மானியம் கொடுப்பதும்கூடச் சர்வதேசத் தவறாகலாம். தவறு நிரூபணமானால் நிறுத்த வேண்டும், ஈடுசெய்ய வேண்டும். கடல் ஏறி நிலம் போனாலும் ஒரு நாடு நாடாக இருப்பது அதனாலேயே அற்றுப்போய்விடாது. இந்தக் கடைசி வரியை வாசித்தபோது வாசல் பக்கமிருந்து பெரிய ஆரவாரம். எனக்குப் பக்கத்தில் பேராசிரியர் அழுதுகொண்டிருந்தார். வங்கதேசக் கழிமுகத்து ஆள் அவர்.

ஜூலை 24, வியாழன்

தீர்ப்புக்கு மறுநாள்.

சரியாகச் சொன்னால் இது தீர்ப்பல்ல, ஆலோசனை, கட்டுப்படுத்தாது. காலை வகுப்பில் அதைத்தான் பலர் சொன்னார்கள். அப்போது, மொரீஷியஸிலிருந்து பிரித்துப் பிரிட்டன் தன் கையில் வைத்துக்கொண்ட சாகோஸ் தீவுகள் நினைவுக்கு வந்தன. அங்கே பிரிட்டன் தன் ஆட்சியை முடித்துக்கொள்ள வேண்டும் என்று இந்த நீதிமன்றம் 2019இல் சொன்னதும் ஆலோசனைதான். பிரிட்டன் ஏற்கவில்லை. பொதுச்சபையில் 116 நாடுகள் பிரிட்டனுக்கு எதிராக வாக்களித்தன, ஆதரவாக ஆறு. இரண்டு மாதம் முன்பு, 2025 மே 22 அன்று, தீவுகளின் மீதான இறையாண்மையை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் பிரிட்டன் கையெழுத்திட்டது. நிகராகுவாவின் கதையும் நினைவில் இருக்கிறது: 1986இல் இதே நீதிமன்றத்தில் அமெரிக்காவை வென்றது, பாதுகாப்பு சபையில் அமெரிக்காவின் வீட்டோவால் தீர்ப்பு முடங்கியது, கடைசியில் 1991இல் இழப்பீட்டுக் கோரிக்கையை நிகராகுவாவே கைவிட்டது. எந்தப் பக்கம் சாயும் என்பது பிடியை விடாதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் யோசிப்பது பாலாற்றைப் பற்றி. 1992 ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டுப் பிரகடனமும் கட்டுப்படுத்தாத காகிதம்தான். நான்கே ஆண்டுகளில், 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரகடனத்தின் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் 'மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும்' என்ற கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகள் அபராதம் கட்ட நேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சூழல் வழக்குகளுக்குத் தனி அமர்வு வந்தது. ரியோவில் பேசியதை நிறைவேற்றியது, மனு எழுதிய வேலூர்க்காரர்கள். காலநிலைத் தீங்கிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்று 2024 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நேற்றைய கருத்து போய் அமர்வதற்கு நாற்காலி தயாராகவே இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக் கடலோரக் கிராமங்களில் ஆண்டுதோறும் ஆனி, ஆடியில் கடல் வீட்டு வாசலுக்கு வருகிறது. கல் கொட்டுவார்கள், அடுத்த ஆண்டு கல்லையும் கடல் எடுத்துப் போகும். இந்த மதியம் ஆலோசனைக் கருத்தின் முழு உரையையும் அச்செடுத்தேன். முன்னெச்சரிக்கை, தகவமைப்புக் கடமை, பாதிக்கப்பட்டவருக்கான ஈடு ஆகியவை வரும் பத்திகளுக்கு எண் குறித்து, மதுரைக் கிளையில் கடலரிப்பு வழக்கு நடத்தும் இரண்டு தோழர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவர் உடனே பதில் போட்டார்: "அடுத்த வாய்தாவுக்குக் கூடுதல் மனுவாகச் சேர்க்கலாம். தமிழில் ஒரு சுருக்கமும் வேண்டும், ஊர்க்காரர்களுக்குப் படித்துக் காட்ட." இன்றிரவு அதை எழுதுகிறேன்.